வேண்டாத கிறிஸ்துமஸ் பரிசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில், வீடுகளில் பயன்படாமல் கிடக்கும் புதுப் பொருட்களை வாங்கி வகைபிரித்து, தேவைப்படுகிறவர்களுக்கு அனுப்பும் வேலையைச் சில நண்பர்களோடு பல வருடங்களாகச் செய்துவருகிறேன். பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைப்பவர்கள் உடனே போய்விடுவதில்லை. கொஞ்சம் நிற்பார்கள். "தப்பா நினைச்சுக்காதீங்க, இது எங்க அத்தை கொடுத்தது..." என்று ஆரம்பிப்பார்கள். வருடம் தவறாமல் கேட்கும் அந்தச் சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒருத்தர் ஆசையாக வாங்கிக் கொடுத்ததைப் பிடிக்கவில்லை என்று நினைப்பதே தப்பில்லையா? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்களே?

தப்பில்லை. இலவசமாக வந்ததற்கு மதிப்புப் போட்டுப் பார்க்காதே என்கிறது அந்தப் பழமொழி. நீங்கள் மதிப்புப் போடவில்லை. மேல்தாளைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்த இரண்டு நொடியில் மனசு லேசாகச் சுருங்கியது, அவ்வளவுதான். அது நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அன்பானவர் கொடுத்தாலும் வரும், விலை உயர்ந்தது வந்தாலும் வரும்.

மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் சாஸ்திரிகள் பிள்ளைக்குக் கொண்டுவந்த மூன்றில் ஒன்று வெள்ளைப்போளம். இறந்தவர் உடலை அடக்கம் செய்யவும் அந்தக் காலத்தில் அதைப் பயன்படுத்தினார்கள். கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு தாய்க்கு அதைப் பார்த்ததும் என்ன தோன்றியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சுவிசேஷம் அதைச் சொல்லவில்லை.

அப்போ பிடித்திருக்கிறது என்று பொய் சொல்லணுமா? எனக்கு நடிக்க வராது.

பொய் தேவையே இல்லை. நீங்கள் நன்றி சொல்ல வேண்டியது ஆளுக்கு. அவர் உங்களை நினைத்துக் கடைக்குப் போனது உண்மை. ஓரத்தை மடித்து, டேப்பைப் பல்லால் கடித்து ஒட்டியதும் உண்மை. "என்னை நினைச்சு வாங்கியிருக்கீங்களே, ரொம்ப சந்தோஷம்" என்றால் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொருளைப் பற்றியும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தால் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள்: "இந்த நீலம் அழகா இருக்கு", "துணி எவ்வளவு மெத்துன்னு இருக்கு". அப்புறம், "எங்கே பார்த்தீங்க இதை?" என்று கேளுங்கள். கொடுத்தவருக்கு அந்தக் கதையைச் சொல்ல ஆசை இருக்கும்.

முகத்தைப் பற்றியும் ஒன்று. துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-ல் வெளியிட்ட நூலில், மகிழ்ச்சியில் வரும் சிரிப்பில் வாயோடு கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும் என்று விளக்கினார். பிடிக்காத பொருளையே உற்றுப் பார்த்துக்கொண்டு சிரிக்க முயன்றால் வாய் மட்டும்தான் விரியும். நிமிர்ந்து கொடுத்தவர் முகத்தைப் பாருங்கள். உங்களுக்கு வேண்டியவர் ஆவலோடு உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். அவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு நடிப்புத் தேவைப்படாது.

"இதைத்தான் ஒரு வருஷமா தேடிட்டிருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த வருடமும் அதுவேதான் வரும்.

லேட்டாகச் சொல்கிறீர்கள். என் முகமே காட்டிக்கொடுத்துவிட்டது, சித்தி கவனித்துவிட்டார். இப்போ என்ன செய்வது?

அன்றைக்கே சமாளிக்கப் போகாதீர்கள். எல்லார் எதிரிலும் "இல்லை சித்தி, ரொம்ப நல்லா இருக்கு" என்று நாலு தடவை சொன்னால் அவருக்கு இன்னும் உறுதியாகிவிடும். இரண்டு மூன்று நாள் கழித்துப் போன் செய்யுங்கள். "அன்னிக்கு என் முகம் சரியா இல்லை சித்தி, நீங்க வருத்தப்பட்டிருப்பீங்க. எனக்கு அந்தக் கலர் பழக்கமில்லை, அதான். நீங்க எனக்காக அலைஞ்சது எனக்குத் தெரியும்." இவ்வளவு போதும். இப்படிப் பேசியவர்கள் யாரும் பிறகு வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. பேசாமல் விட்டு, ஐந்து வருடம் கழித்தும் அந்த நொடியை நினைத்துக் குறுகுறுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாருக்கும் இப்படி வருகிறதா, இல்லை எனக்கு மட்டும்தானா?

எல்லாருக்கும்தான். ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதார அறிஞர் இதையே ஆராய்ந்து 1993-ல் ஒரு கட்டுரை எழுதினார். யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம், வந்த பரிசுகளின் விலை எவ்வளவு இருக்கும், யார் கொடுத்தார் என்ற பாசத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அதற்கு நீங்கள் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டார். பரிசின் விலையில் 10 சதவீதம் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பரிசைப் பெற்றவரைச் சேராமலே வீணாகிறது என்பது அவர் கணக்கு. நெருங்கிய நண்பர்களும் துணைகளும் கொடுத்தவற்றில் இழப்புக் குறைவு. தாத்தா பாட்டி, அத்தை மாமா போன்ற உறவுகள் கொடுத்த பொருட்களில் அதிகம். பணமாகக் கொடுப்பவர்களில் தாத்தா பாட்டிகளே முன்னால் நின்றார்கள். அவர்களுக்குத் தங்கள் நிலை தெரிந்திருக்கிறது!

ஆனால் பாசத்தை ஒதுக்கிவிட்டு என்ற இடத்தில்தான் எனக்கு அந்தக் கணக்கோடு ஒட்டவில்லை. எங்கள் மேசையில் பொருளை வைத்துவிட்டு அதன்மேலிருந்து கையை எடுக்கத் தயங்குகிறவர்கள் எத்தனையோ பேர். தயங்க வைப்பது அந்தப் பாசம்தானே?

என்னை இத்தனை வருஷமாகத் தெரிந்தவர்களே ஏன் இப்படித் தப்பாக வாங்குகிறார்கள்?

கொடுப்பவர் கண்முன் இருப்பது நீங்கள் தாளைப் பிரிக்கும் அந்த நிமிடம். உங்கள் கண்முன் இருப்பதோ அதற்குப் பிறகு அந்தப் பொருளோடு கழிக்கப் போகும் நாட்கள். ஜெஃப் காலக், ஜூலியன் கிவி, எலனார் வில்லியம்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2016-ல் இதைப் பற்றி எழுதினார்கள். ஆச்சரியம் தருமா, பார்த்ததும் வாய் பிளப்பார்களா என்று கொடுப்பவர் தேடுகிறார். தினமும் பயன்படுமா என்று வாங்குபவர் பார்க்கிறார் என்பது அதன் சாரம்.

இன்னொரு காரணம், அவர்கள் மனதில் நீங்கள் பழைய வயதிலேயே நின்றுபோயிருப்பது. பன்னிரண்டு வயதில் ஒரு பொம்மைக் குதிரையை ஆசையாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருப்பீர்கள். முப்பத்தைந்திலும் குதிரைப் படம் போட்ட தலையணை உறை வரும். ஒரு பெண் குதிரைச் சாமான்களாக ஒரு பெரிய பெட்டி நிறையக் கொண்டுவந்தார், எல்லாம் ஒரே பெரியம்மா கொடுத்தவை. "அவங்க என்னை அப்பப் பார்த்ததுதான்" என்றார். கோபம் இல்லை, ஏக்கம்தான் இருந்தது. இப்படி ஒன்று வந்தால் நான் சொல்வது, அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். இப்போது என்ன வேலை செய்கிறீர்கள், எதில் மனசு போகிறது என்று அவருக்குத் தெரியட்டும்.

கணவர் எனக்கு எடை பார்க்கும் மெஷின் கொடுத்தார். பிள்ளைகள் எதிரிலேயே பிரித்தேன். அழுகை வந்துவிட்டது. நான் ரொம்பப் பெரிதுபடுத்துகிறேனா?

இல்லை. அளவு சரியில்லாத சட்டை, படிக்காத புத்தகம் இதெல்லாம் குறி தவறிய பரிசு. எடை மெஷின், முகச்சுருக்கக் களிம்பு, "கோபத்தை அடக்குவது எப்படி" வகைப் புத்தகம் இவையெல்லாம் உங்களைப் பற்றி ஏதோ சொல்கிற பரிசு. முதல் வகைக்கு முன்னால் சொன்ன நன்றி போதும். இரண்டாவது வகை வலிக்கும், வலித்ததைச் சொல்லவும் வேண்டும். வீட்டுக்கு வேண்டிய இஸ்திரிப் பெட்டியை வாங்கி மனைவி பெயர் எழுதிக் கொடுப்பதையும் நான் இதில்தான் சேர்ப்பேன். வீட்டுக்கு வாங்கியதை வீட்டுக்கு வாங்கியதாகவே வைத்துக்கொள்ளலாம்.

அவர் கெட்ட எண்ணத்தோடு வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. நீங்களே எப்போதோ "வீட்ல ஒரு மெஷின் இருந்தா நல்லா இருக்கும்" என்று சொல்லியிருக்கலாம். அவர் அதை நினைவில் வைத்து வாங்கியிருக்கலாம். அதனால் முதலில் கேளுங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு, இரண்டு பேரும் மட்டும் இருக்கும்போது: "அதைப் பிரிச்சதும் என் உடம்பைக் குறை சொன்ன மாதிரி இருந்துச்சுங்க. நீங்க அப்படி நினைக்கலைன்னு நம்புறேன். ஆனா என் உடம்பு சம்பந்தமா எதையும் இனிமே பரிசா கொடுக்காதீங்க." என்ன வலித்தது, இனி என்ன வேண்டாம், இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். பாதி சொல்லி நிறுத்தினால் அடுத்த வருடம் டிரெட்மில் வரும்.

வேண்டுமென்றே குத்திக்காட்டக் கொடுத்ததுதான் என்று தெரிந்தால், அதை வீட்டில் வைத்திருக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

வந்ததை வேறு ஒருவருக்குப் பரிசாகக் கொடுக்கலாமா? தெரிந்தால் மனசு உடைந்துவிடாதா?

கொடுக்கலாம். நாம் பயப்படும் அளவுக்கு அவர்கள் உடைந்துபோவதில்லை. கேப்ரியேல் ஆடம்ஸ், ஃபிரான்சிஸ் ஃபிளின், மைக்கேல் நார்ட்டன் ஆகியோர் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், பரிசை இன்னொருவருக்குக் கைமாற்றுவது குப்பையில் போடுவதற்குச் சமமான அவமதிப்பு என்று வாங்கியவர்கள் நினைத்தார்கள். கொடுத்தவர்களோ கைமாற்றுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, குப்பையில் போடுவதைத்தான் அவமதிப்பாகப் பார்த்தார்கள்.

ஆனால் கையை விட்டுப் போனால் சரி என்று தள்ளிவிடாதீர்கள். வாங்கப் போகிறவருக்கு அது உண்மையிலேயே பிடிக்கும் என்று தோன்ற வேண்டும். இல்லையென்றால் உங்கள் சங்கடத்தை அவர் தலையில் கட்டுகிறீர்கள். முடிந்தால் வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள்: "எனக்கு வந்தது, பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்துச்சு." நான் அப்படித்தான் செய்கிறேன், இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை. கையால் பின்னியது, வரைந்தது, செதுக்கியது என்றால் செய்தவரிடம் சொல்லாமல் கைமாற்ற வேண்டாம். கடையில் செலவழித்த ஒரு மணி நேரமும், ஊசியோடு உட்கார்ந்த நாற்பது இரவும் ஒன்றாகாது.

கைமாற்றுவதற்கு முன்னால் என்னென்ன பார்க்கணும்?

பெட்டியின் அடியைப் பாருங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். ஒருமுறை ஒரு கண்ணாடிக் கிண்ணப் பெட்டியைப் பிரித்தோம். மேலே ஒரு வாழ்த்து அட்டை, கொண்டுவந்தவர் பெயருக்கு. கிண்ணத்தை எடுத்து, அடியிலிருந்த மெல்லிய தாளை விரித்தால் இன்னொரு அட்டை, அவருக்குக் கொடுத்தவர் பெயருக்கு. அதன் மடிப்பு பழுப்பேறியிருந்தது. கிண்ணத்தில் ஒரு விரல் ரேகைகூட இல்லை. எத்தனை வீட்டு அலமாரியைப் பார்த்துவிட்டு வந்ததோ!

புத்தகம் என்றால் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள். வாசனைத் திரவியம், களிம்பு இவற்றுக்குக் காலாவதித் தேதி உண்டு. பேட்டரி போட்ட பொருளில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். நாள்பட்டால் கசிந்து உள்ளே துருவேற்றிவிடும். மின்னணுச் சாதனத்தை ஒருமுறை இயக்கிப் பார்த்திருந்தால் உங்கள் கணக்கை நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

கடையில் மாற்றிக்கொள்ள பில் கேட்கலாமா?

அளவுக்காக என்றால் தயங்காமல் கேட்கலாம், அதுவும் சீக்கிரம். "எனக்கு ஒரு சைஸ் பெரிசு வேணும்" என்பதில் யாருக்கும் வருத்தம் இல்லை. பொருளே பிடிக்கவில்லை என்றால் நெருக்கமானவரிடம் மட்டும் கேளுங்கள். நீங்கள் கொடுக்கும்போது, விலை அச்சிடாத பில் தருகிற கடையாக இருந்தால் கேட்டு வாங்கி உள்ளேயே வைத்துவிடுங்கள்.

கொடுத்தவர் வீட்டுக்கு வருகிறார். அந்தப் பொம்மையை எங்கே என்று தேடுவாரே?

பெரும்பாலும் தேடமாட்டார். தேடினால், "உள்ளே பத்திரமா இருக்கு" என்ற பொய் வேண்டாம். அடுத்த தடவையும் கேட்பார், அந்தப் பொய்யை நீங்கள்தான் வளர்க்க வேண்டியிருக்கும். யாருக்குக் கொடுத்தீர்கள், அங்கே எப்படிப் பயன்படுகிறது என்று மகிழ்ச்சியாகச் சொல்லுங்கள். பொம்மை எங்கேயோ ஒரு குழந்தை கையில் இருக்கிறது என்று கேட்டு வருத்தப்பட்டவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

என் நான்கு வயது மகன் எல்லார் முன்னாலும் "எனக்கு இது வேண்டாம்" என்று தூக்கி வைத்துவிட்டான். மானம் போய்விட்டது.

போகவில்லை. ஏமாற்றத்தை மறைப்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். பமேலா கோல் என்ற உளவியலாளர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், பிடிக்காத பரிசைப் பெற்ற 3, 4 வயதுப் பெண் குழந்தைகள், கொடுத்தவர் எதிரில் இருக்கும்போது முகத்தைச் சமாளித்தார்கள். தனியாக இருக்கும்போது ஏமாற்றத்தைக் காட்டினார்கள். அப்படிச் சமாளிக்கிற குழந்தைகளும் உண்டு, உங்கள் மகனைப் போலப் பட்டென்று சொல்கிறவர்களும் உண்டு.

அந்த இடத்தில் வைத்துத் திட்டாதீர்கள். பரிசு வரும் நாளுக்கு முன்பே விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள். ஒரு பழைய சாக்ஸைத் தாளில் சுற்றிக் கொடுத்து, "இப்போ தாத்தாவைப் பார்த்து என்ன சொல்லணும்?" என்று பழக்குங்கள். அப்புறம், அவனுக்கு ஒரு கதவு திறந்து வையுங்கள்: பிடிக்கவில்லை என்றால் ராத்திரி அம்மா காதில் சொல்லலாம். வருத்தமே படாதே என்று பிள்ளையிடம் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. அது நமக்கே முடியாத காரியம்.

மாமியார் வருஷா வருஷம் நான் போடவே போடாத மாதிரி சட்டைதான் வாங்குகிறார். எப்படி நிறுத்துவது?

டிசம்பரில் ஆரம்பித்தால் தாமதம். அக்டோபரிலேயே, பரிசைப் பற்றிய பேச்சாக இல்லாமல், "அத்தை, இப்பல்லாம் நான் காட்டன்தான் போடறேன்" என்று காதில் போட்டுவையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நேராகவே சொல்லலாம்: "இந்த வருஷம் எனக்கு ஒண்ணு வேணும் அத்தை, கேட்கட்டுமா?" கேட்டு வாங்கினால் பரிசின் அழகு போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், என்ன வாங்குவது என்று கடையில் தவித்து நிற்கும் வயதானவர்களுக்கு அது பெரிய உதவி. துல்லியமாகச் சொல்லுங்கள், அவருக்குத் தேர்வு செய்ய இரண்டு மூன்று வழியும் வையுங்கள்.

அவர் விலை உயர்ந்ததைக் கொடுத்துவிட்டார், நான் எதுவுமே வாங்கவில்லை. கடன்பட்ட மாதிரி இருக்கிறது.

அந்த உணர்வு மிகப் பழையது. மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு மானுடவியலாளர் 1925-ல் எழுதியபடி, பரிசில் மூன்று கடமைகள் உண்டு: கொடுப்பது, மறுக்காமல் வாங்குவது, திருப்பிச் செய்வது. மூன்றாவதுதான் உங்களைக் குத்துகிறது. ஆனால் அன்று மாலையே ஓடிப்போய் அதே விலைக்கு ஒன்று வாங்கி வராதீர்கள். ஃபிளின்னும் ஆடம்ஸும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், விலை கூடினால் மகிழ்ச்சியும் கூடும் என்று கொடுப்பவர்கள் நினைத்தார்கள். வாங்கியவர்களின் நன்றியுணர்வில் விலை அப்படி ஒன்றும் சாதிக்கவில்லை. ஒரு கடிதம் எழுதுங்கள், அல்லது அவருக்கு ஒரு நாள் உதவிக்குப் போங்கள். ஏற்றுக்கொள்ளவே முடியாத அளவுக்கு விலை உயர்ந்தது, பின்னால் ஏதோ எதிர்பார்ப்பும் இருக்கிறது என்று தோன்றினால், மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பதில் தவறே இல்லை.

இதற்கு நேர்மாறு என் கதை. நான் தேடித் தேடி வாங்கியதை அவர் யாருக்கோ கொடுத்துவிட்டதைப் பார்த்தேன்.

உங்கள் வலி எனக்குப் புரிகிறது. எனக்கும் இது நடந்திருக்கிறது. நான் கொடுத்த கம்பளித் தொப்பி எங்கள் மேசைக்கே வந்தது. கொண்டுவந்த தோழி அதை மறந்தே போயிருந்தாள். பத்து நிமிடம் என்னால் வேறு எதையும் தொட முடியவில்லை. அப்புறம் அவளிடம் கேட்டேன். "உள்ளே அரிக்குது, ஆனா நீ கொடுத்த அன்னிக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா" என்றாள். அது உண்மை என்று எனக்குத் தெரியும், அவள் முகத்தை அன்றைக்குப் பார்த்தவள் நான். கேளுங்கள். குற்றம் சாட்டும் குரலில் வேண்டாம்.

அப்பா கடைசியாகக் கொடுத்த கிறிஸ்துமஸ் பரிசு. எனக்கு அது அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. அவர் போய்விட்டார். என்ன செய்வது?

இதற்கு அவசரமே இல்லை. மேலே சொன்ன எந்தப் பதிலையும் இங்கே அப்படியே பொருத்த வேண்டாம். நன்றி சொல்ல ஆள் இல்லாதபோது பொருள்தான் ஆளின் இடத்தில் நிற்கிறது. சிலர் அவர் கையெழுத்து இருக்கும் அட்டையை வைத்துக்கொண்டு பொருளைக் கொடுத்துவிடுகிறார்கள். சிலர் படம் எடுத்துவைத்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு மகிழ்ச்சியைக் காட்டவில்லையே என்று சிலர் அழுகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது, அப்பாவுக்கு உங்களை அந்த ஒரு நாள் முகத்தை வைத்து மட்டும் தெரியாது.

இதைக் கேட்டவர் கொண்டுவந்தது ஒரு சுவர்க்கடிகாரம். பெரியது, தங்க நிறம், டிக் டிக் சத்தம் அடுத்த அறை வரை கேட்கும். ஒரு நாள்கூட மாட்டியதில்லையாம். மேசையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கடைசியில் "அடுத்த வருஷம் கொண்டு வர்றேன்" என்று மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினார். பேட்டரியை மட்டும் கழற்றிவைக்கச் சொன்னேன். இரண்டு கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது, அவர் இன்னும் அதைக் கொண்டுவரவில்லை.